எம்டி0 எங்கே போனது?

"கணினியில் ரெய்டு போடலாமா?" என்று நண்பன் கேட்டு நான்கு நாளாகிறது. ரெய்டு என்றால் பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுவது. போன வாரம் கேட்டிருந்தால் யோசிக்காமல் "போடு" என்றிருப்பேன். இடையில் லினக்ஸை அப்கிரேட் செய்து தொலைத்தேன்.

வீட்டுக் கணினியில் ஆறு வருடமாக இரண்டு 4 டிபி டிஸ்க்கில் மென்பொருள் ரெய்டு 1 ஓடுகிறது: ஒரே தரவு இரண்டிலும் இருக்கும், சேர்த்து வைக்கும் வேலையை லினக்ஸே பார்த்துக்கொள்ளும். இப்படிச் சேர்ந்த தொகுப்புக்கு அர்ரே என்று பெயர்; என்னுடையது எம்டி0. நடுவில் ஒரு டிஸ்க் செத்தது. புதியதை மாட்டினேன்; ராத்திரி முழுக்க நகல் ஓடியது. அந்த நேரத்திலும் வீட்டில் படம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றைக்கு இதற்குக் கோயில் கட்டலாம் என்றிருந்தது.

சனிக்கிழமை அப்கிரேட் முடிந்து ரீபூட். எம்டி0-வுக்காகக் காத்திருப்பதாகத் திரையில் ஒரு வரி, பக்கத்தில் ஒன்றரை நிமிடக் கெடு. கெடு முடிந்ததும் எமர்ஜென்சி மோடு. குழந்தை பிறந்த நாள் முதல் எடுத்த படமெல்லாம் அந்த எம்டி0-வுக்குள் இருக்கிறது. பயந்துகொண்டே ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார்த்தால், சதுர அடைப்புக்குள் இரண்டு யூ. அதாவது இரண்டு டிஸ்க்கும் கல்லு மாதிரி இருக்கின்றன. பெயர்தான் எம்டி127 ஆகிவிட்டது!

ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம் நிரலின் கான்ஃபிக் கோப்பில், அர்ரேயின் பெயரைச் சொல்லும் வரியைக் காணோம். அந்தக் கோப்பை வைத்துத்தான், பூட்டின் தொடக்கத்தில் ஓடும் சின்ன சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ் புதிதாகத் தயாராகியிருக்கிறது. அது டிஸ்க்கில் எழுதியிருக்கும் குறிப்பைப் படித்து அர்ரேயைச் சரியாகவே சேர்த்துவிட்டது. இது நம் வீட்டுப் பிள்ளைதான் என்று தெரியாததால் 127 என்று பெயர் வைத்துவிட்டது. பூட்டில் எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப்போ எம்டி0 வரட்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஸ்கேன் செய்து வந்த வரியைக் கான்ஃபிக்கில் சேர்த்தேன், இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தேன், எஃப்எஸ்டேப்பில் பெயரை எடுத்துவிட்டு, பெயர் மாறினாலும் மாறாத அடையாளமான யூயூஐடி போட்டேன். கூடவே, அது வராவிட்டாலும் பூட் நிற்காமலிருக்க நோஃபெயில். ஐந்து நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம். "நீ தேடும் அர்ரே வேறு பெயரில் இங்கேதான் இருக்கிறது" என்று ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடும்?

சரி, நியாயமாகப் பேசினால் எஃப்எஸ்டேப்பில் எம்டி0 என்று எழுதியது நான். அப்கிரேட் கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமல் ஒய் தட்டியதும் நான். ஒரு பைட்கூடப் போகவில்லை.

ஆனாலும் நண்பா, உனக்கு வேண்டாம். ஒரே டிஸ்க் வாங்கு, அதே காசில் பேக்கப்புக்கு வெளியே செருகும் டிஸ்க் ஒன்று எடுத்துக்கொள். தப்பித் தவறி அழித்த கோப்பை ரெய்டு எப்படியும் மீட்டுத் தராது. நான் மாற்றப்போவதில்லை, அது வேறு கதை.