லேசிக்கா, பி.ஆர்.கே.யா: ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காரனின் கணக்கு

அதிகாலைப் பனியில் நடந்து வந்து தொழிற்சாலைக்குள் காலடி வைத்ததும் மைனஸ் 5 மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து வெளுத்துவிடும். பதினான்கு ஆண்டுகள் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்தே காலம் தள்ளிய பிறகு, சென்ற ஆண்டு கொழும்புக்குச் சென்று கண்ணாடியே தேவைப்படாதபடி பார்வையைச் சீராக்கும் லேசர் சிகிச்சையை பி.ஆர்.கே. முறையில் செய்துகொண்டேன். கண்டியில் வங்கியில் வேலை பார்க்கும் என் தங்கச்சி அதற்கு முந்திய ஆண்டே லேசிக் என்னும் இன்னொரு லேசர் முறையில் செய்துகொண்டவள். ஆகவே இரண்டையும் ஒரே வீட்டில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

இரண்டு முறைகளிலும் விழிவெண்படலத்தை, அதாவது கருவிழியின் முன்னாலுள்ள கண்ணாடிபோன்ற படலத்தை (கோர்னியா), செதுக்குவது 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர்தான். லேசிக்கில் படலத்தின் மேற்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் திறந்து, அடியில் செதுக்கி, மடலைத் திரும்ப மூடுவார்கள். பி.ஆர்.கே.யில் மடல் கிடையாது. மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு நேரடியாகச் செதுக்குவார்கள், தோல் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது அந்த மடல்தான். சராசரி விழிவெண்படலம் ஏறத்தாழ 540 மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்) தடிப்புடையது. எனக்கு அளந்தபோது 480தான் இருந்தது. மடலுக்கு 110, கண்ணாடியின் பவரை அளக்கும் அலகான டயொப்டர் ஒன்றுக்குச் சுமார் 15 மைக்ரோனாக என் ஐந்துக்கு 75 எனக் கழித்தால், லேசிக்கில் அடியில் மிஞ்சுவது 295. பி.ஆர்.கே.யில் மேல்தோலின் 50ஐயும் அதே 75ஐயும் கழித்த பின்னும் 355 மிஞ்சும். 250க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய விதி. இப்போது பல வைத்தியர்கள் 300ஐயே எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். மிகவும் மெலிந்துவிட்ட படலம் பிற்காலத்தில் முன்னோக்கிப் புடைத்துப் பார்வையைக் குலைக்கும் அபாயம் உண்டு என்பதே அதற்குக் காரணம்.

தடிப்பு போதியதாக இருந்திருந்தாலும் நான் மடலைத் தவிர்த்தே இருப்பேன். மூடிய மடல் ஒட்டிக்கொள்ளுமே தவிர, வெட்டுவதற்கு முன்பிருந்த பலத்தை முழுமையாகத் திரும்பப் பெறுவதில்லை; பலமான அடி பட்டால் ஆண்டுகள் கழித்தும் அது இடம்பெயரக்கூடும். நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்க்கும் தங்கச்சிக்கு இது ஒரு பொருட்டல்ல. கவ்வாத்து மலையில் கிளை முகத்தில் அடிக்கும் இடத்தில் நடமாடுபவனுக்கும், ஞாயிறுதோறும் தோட்டத்து மைதானத்தில் கிரிக்கெட் ஆடுபவனுக்கும் அது பொருட்டுதான்.

இதற்கு நான் கொடுத்த விலை சிறியதன்று. தங்கச்சி மறுநாள் காலையிலேயே சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தாள், நான்காம் நாள் வேலைக்குப் போனாள். எனக்கோ முதல் மூன்று நாட்கள் கண்ணுக்குள் மிளகாய்த்தூள் விழுந்தாற்போல எரிந்தது. தோல் வளரும்வரை கட்டுப்போல் வைத்திருந்த லென்ஸை அகற்றுவதற்காக ஒரு கிழமை வெள்ளவத்தையில் மாமா வீட்டிலேயே தங்கினேன். பார்வை தெளிவாகத் திடப்பட இரண்டு மாதங்கள் சென்றன. ஸ்டீரொயிட் சொட்டு மருந்து கண்ணின் அழுத்தத்தை உயர்த்தக்கூடியது என்பதால் அதை அளந்துகொள்வதற்கும் பல தடவை மலையிறங்க வேண்டியிருந்தது. இந்தப் பயணங்களுக்கு லீவும் பஸ் காசும் இல்லாதவர்கள் பி.ஆர்.கே.யை யோசித்தே தொட வேண்டும். தேயிலைத்தூள் சலிக்கும் அறைப் பக்கம் ஒரு மாதம் நான் எட்டிப் பார்க்கவில்லை.

லேசிக்கின் குறை வேறு வகையானது. மடலை வெட்டும்போது படலத்தின் நரம்புகளும் வெட்டுப்படுவதால் கண் வறண்டுபோகும். தங்கச்சியின் கைப்பையில் செயற்கைக் கண்ணீர்ப் போத்தல் ஏழெட்டு மாதம் இருந்தது. பி.ஆர்.கே.யிலும் வறட்சி உண்டு, எனக்கு அது விரைவாக அடங்கியது. இரண்டு பேரை வைத்து இதை விதியாக்க முடியாது.

ஸ்மைல் என்னும் மூன்றாவது முறையில் படலத்தின் உள்ளேயே வில்லைபோல் ஒரு துண்டை வெட்டி, சில மில்லிமீட்டர் கீறல் வழியாக உருவி எடுக்கிறார்கள். மடலும் இல்லை, பி.ஆர்.கே.யின் எரிச்சலும் இல்லை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் செய்துகொண்டவர் எவரோடும் நான் பேசியதில்லை என்பதால் அதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பி.ஆர்.கே.யைத் தெரிவு செய்யும் மலையகத்தார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செதுக்கிய இடம் ஆறும்போது வெண்புகைபோல் மங்கல் படியலாம். அதைத் தடுக்க மைட்டோமைசின் என்னும் மருந்தைச் சில விநாடிகள் தடவுவார்கள். ஆயினும் புற ஊதாக் கதிர் அந்த ஆபத்தைக் கூட்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் அக்கதிர் ஏறத்தாழ பத்து வீதம் வலுக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய மூடுபனி அக்கதிரை முழுதாகத் தடுப்பதும் இல்லை. பனி மூடிய காலையில் நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மடுவத்தில் நின்றபோது, கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் “ஐயா சினிமாவில சேர்ந்திட்டாரா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் வெளியில் அதைக் கழற்றவில்லை.