துபாயா, சிங்கப்பூரா: வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம்?

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் சித்தி மகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வரன் வந்திருக்கிறது. ஒரு மாப்பிள்ளை துபாயில், இன்னொருவர் சிங்கப்பூரில். ஜாதகம், சம்பளம், குடும்பம் எல்லாம் பெரியவர்கள் விசாரித்துவிட்டார்கள். அவள் என்னிடம் கேட்டது வேறு. "ஏக்கா, நீ ரெண்டு ஊர்லயும் இருந்திருக்கேல்லா? எந்த ஊர்ல நான் ஒத்தையில வெளிய போய்ட்டு வர முடியும்?"

அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகிப் போய், துபாயில் நான்கு வருஷமும் அப்புறம் சிங்கப்பூரில் ஐந்து வருஷமும் குடித்தனம் செய்தவள் நான். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் நம் பக்கத்தில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்கவேண்டியது இதுதான்.

தெருவைக் கடப்பதிலிருந்தே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. துபாயில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும். போன முதல் வாரம், ஊர்ப் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைத்தேன். வண்டி இடது பக்கத்திலிருந்து வந்தது. பின்னால் நின்ற ஒரு மலையாளி அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்த இழுப்பு இன்னும் தோளில் இருக்கிறது. கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் அங்கே 400 திர்ஹம் அபராதம் என்பதையும் அவர்தான் சொன்னார். சிங்கப்பூரில் நம் ஊரைப் போலவே இடது பக்கம். அந்த ஒரு பயம் அங்கே இல்லை.

துபாய் மெட்ரோ 2009-இல் ஓடத் தொடங்கியது. சிவப்பு, பச்சை என்று இரண்டு தடம். நோல் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டால் மெட்ரோ, பஸ் இரண்டுக்கும் ஆகும். 25 திர்ஹம் கொடுத்தால் 19 திர்ஹம் இருப்போடு தருவார்கள். ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹம், இரண்டு மண்டலம் என்றால் 5, அதைத் தாண்டினால் ஏழரை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. அங்கே ஏறும் ஆண்களுக்கு அபராதம். இங்கே டவுன் பஸ்ஸில் முன்பக்க நெரிசலில் இடிபட்டே வந்தவள் நான். அந்தப் பெட்டியில் முதல்முறை உட்கார்ந்தபோது என்னையறியாமல் கால் நீட்டிக்கொண்டேன். இந்த ஒன்றில் துபாய்தான் உசத்தி.

ஆனால் ஸ்டேஷன் வரை போகவேண்டுமே! ஜூன் முதல் செப்டம்பர் வரை பத்து நிமிஷ நடை என்பது பத்து நிமிஷ நடை இல்லை. காலை ஒன்பது மணிக்கே செருப்பு வழியாகச் சூடு ஏறும். எஃப் என்று தொடங்கும் ஃபீடர் பஸ்கள் உண்டு, ஏசி வைத்த பஸ் நிறுத்தங்களும் உண்டு. என்றாலும் அந்த நிறுத்தம் வரைக்கும் வெயில் நம்முடையதுதான். முதல் கோடையில் நான் வெளியே போனது வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் இருட்டிய பிறகு. அதோடு குளியலறையில் இன்னொரு பாடம். தொட்டி மொட்டை மாடியில் இருப்பதால் பச்சைத் தண்ணீர்க் குழாயில் கொதிநீர் வரும். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் ஹீட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, அதில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை வெந்நீர்க் குழாய் வழியாகத் திறந்து குளிக்கக் கற்றுக்கொண்டேன். தாமிரபரணியில் முங்கி வளர்ந்தவளுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

சிங்கப்பூரில் இந்தக் கவலை எதுவும் கிடையாது. எம்ஆர்டி என்கிற அந்த ஊர் மெட்ரோ ரயில் 1987-இலேயே வந்துவிட்டது. இன்று ஊரையே வலை பின்னியதுபோல் தடங்கள். அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் பல இடங்களில் கூரை போட்ட நடைபாதை. மழை கொட்டினாலும் சேலைக் கரை நனையாமல் போகலாம். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைத் தட்டவேண்டும். இறங்கும்போது மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான காசு போய்விடும். எனக்கு இரண்டு முறை போயிற்று. ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக, கையில் காய்கறிப் பையோடு வீடு திரும்பியிருக்கிறேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்து நடந்ததில்லை. நடமாட்டம் என்று பார்த்தால் சிங்கப்பூர்தான், இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

பாஷை விஷயமும் அப்படித்தான். சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அபாயப் பலகையில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது, இந்த ஊரில் நமக்கு முன்னால் யாரோ வந்து பாடுபட்டிருக்கிறார்கள் என்று நெஞ்சு நிறையும். உண்மையும் அதுதான். நம் கடையநல்லூர்க்காரர்கள் 1941-இல் அங்கே சங்கம் அமைத்து, 1946-இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியே தொடங்கினார்கள். துபாயில் இந்தி தெரியாமல் முதல் ஆறு மாதம் திணறினேன். மலையாளம்தான் என்னைக் காப்பாற்றியது. கேரள எல்லையை ஒட்டிய தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பெண்களுக்கு அது இன்னும் எளிது.

சாப்பாட்டுக்கு இரண்டு ஊரிலும் குறையில்லை. நம் ஊர்ச் சாமான் வாங்க துபாயில் கராமா வட்டாரம், சிங்கப்பூரில் தேக்கா வட்டாரம். தேக்கா சந்தையில் தேங்காயைத் துருவி, ஓட்டின் கறுப்பு படாமல் வெள்ளையாகப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். அதில் பால் எடுத்து மறுவீட்டுச் சொதி வைத்தால் ருசி அப்படியே ஊர் ருசி. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். துபாயில் நாங்கள் கேன் வாங்கினோம்.

இதுவரைக்கும் படித்தால் சிங்கப்பூர் என்றே முடிவு செய்யத் தோன்றும். என் தங்கைக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் எம்.காம். படித்தவள், பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் பார்க்கவேண்டும் என்கிறாள். இங்கேதான் தராசு சாய்கிறது. சிங்கப்பூருக்கு மனைவியைக் கூட்டிப்போக, கணவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் ஒன்று இருக்கவேண்டும், மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வேண்டும். ஒர்க் பர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவே முடியாது. போன பிறகும், 2021 மே முதல், டிபென்டன்ட் பாஸில், அதாவது கணவரைச் சார்ந்து தங்கும் அனுமதியில், இருக்கும் மனைவி வேலைக்குப் போகத் தனக்கென்று தனியாக ஒரு வேலை பாஸ் பெறவேண்டும். துபாயில் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் கணவர் மனைவிக்கு விசா எடுக்கலாம். அந்த விசாவிலேயே இருந்தபடி, வேலை தரும் நிறுவனம் லேபர் பர்மிட் எடுத்துக் கொடுத்தால் போதும். நானும் அப்படித்தான் இரண்டு வருஷம் கணக்கு எழுதப் போனேன்.

துபாய்க்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கல்யாணச் சான்றிதழுக்கும் டிகிரிக்கும் அட்டெஸ்டேஷன் (அதிகாரபூர்வச் சான்றொப்பம்) வாங்குவதை இங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். போன பிறகு அப்பாவை அலையவிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன். வாடகையும் அங்கே வருஷக் கணக்கு, வரப்போகும் தேதிகளைப் போட்ட காசோலைகளாகக் கேட்பார்கள். சிங்கப்பூரில் மாதா மாதம் கட்டலாம்.

பிள்ளைகள் படிப்பு என்றால், துபாயில் சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய. சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் போக மிச்சம்தான் நமக்கு.

அப்புறம் அம்மாவின் போன். அம்பாசமுத்திரத்தில் ராத்திரி பத்து மணிக்குத்தான் அம்மாவுக்கு அடுப்படி வேலை ஓயும். அப்போது துபாயில் எட்டரை, சிங்கப்பூரில் பன்னிரண்டரை. ஐந்து வருஷம் அம்மா என்னோடு பேசுவதற்காகவே பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தார்.

தங்கையிடம் சொன்னேன்: "ஊரா பாத்தா சிங்கப்பூரு. உன் வேலைக்குப் பாத்தா துபாய். ஆனா ரெண்டு பேர்ட்டயும் ஒண்ணு கேளு. வீட்லேர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்து எத்தனை நிமிஷம்னு கேளு." சித்தி முதலில் தயங்கினார், பிறகு அவரே கேட்டார். துபாய்க்காரர் அன்றைக்கு ராத்திரியே, ஸ்டேடியம் என்ற மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வீடு வரை தான் நடந்து வருவதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். ஏழு நிமிஷம். சிங்கப்பூரிலிருந்து, "அவ ஏன் தனியா போணும், நாங்க கூட்டிட்டுப் போவோம்லா" என்று மாப்பிள்ளையின் அம்மா பதில் சொல்லியிருக்கிறார்.