பூஸ்ட்: அரசுச் செலவைப் பிரித்துப் பார்க்க உலக வங்கியின் தரவுத்தளம்

உலக வங்கி 2010-இல் தொடங்கிய பூஸ்ட் திட்டம், பங்கேற்கும் நாடுகளின் கருவூலப் பதிவுகளைத் திரட்டி, ஒரு செலவை எந்தத் துறை செய்தது, எந்தப் பணிக்காக, எந்தப் பகுதியில், அது சம்பளமா கட்டுமானமா என்று பல கோணங்களில் பிரித்துப் பார்க்க உதவுகிறது. பொதுவில் வெளியான தரவுகளுக்குக் கட்டணம் இல்லை. ஒதுக்கீட்டையும் உண்மைச் செலவையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிவதே இதன் தலையாய பலம். அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுபவருக்கு, அறிவிக்கப்பட்ட தொகையைவிடச் செலவாகாமல் தங்கிய தொகைதான் அதிகம் சொல்லும்.

பகுதிவாரிப் பங்கீட்டை ஆராயும்போது எச்சரிக்கை தேவை. பணம் எந்த அலுவலகத்திலிருந்து வழங்கப்பட்டது என்பதையே இடக்குறியீடு பல நேரங்களில் காட்டுவதால், தொலைதூர மருத்துவமனைகளுக்காக மொத்தமாக வாங்கிய மருந்துகளின் செலவுகூடத் தலைநகரின் கணக்கில் ஏறி, அந்நகரம் உள்ளதைவிடச் செழிப்பாகத் தோன்றக்கூடும். தலா செலவைக் கணக்கிட மக்கள்தொகை விவரத்தையும் தனியே இணைத்துப் பார்ப்பது நல்லது. எக்செல் பழகியவர்களுக்குப் பயன்பாடு எளிது. மற்றவர்களுக்கு (பெரும்பாலான குடிமக்கள் இவர்கள்தான்) நீண்ட குறியீட்டுப் பட்டியல்கள் மலைப்பூட்டும். எல்லா நாடுகளின் தரவும் ஒரே சீராகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதால், எந்த ஆண்டுவரை பதிவுகள் உள்ளன என்பதை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.