முள்ளுக்காட்டில் ஸ்டிக்கர் பேட்ச்: மூன்று வருட அனுபவம்

காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். நான் கணக்கு எழுதும் எண்ணெய் மில் காங்கேயத்தில். ஒன்பது கிலோமீட்டர். 2022 பொங்கல் கழிந்ததிலிருந்து சைக்கிளில்தான் போய்வருகிறேன். மெயின் ரோட்டைப் பிடிப்பதற்கு முன்னால் மூன்று கிலோமீட்டர் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தடம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்குள் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் மாடு. அந்த வழியில் போவதற்காகவே காலையில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவேன். ஆனால் கிளுவைக்கும் முள், வெள்வேலுக்கும் முள், தடத்தோரம் நெருஞ்சி, பள்ளத்தில் இறங்கினால் சீமைக்கருவேலம். ஆடிக்காற்று அடிக்கும்போது வேலியில் கிடப்பதெல்லாம் தடத்துக்கு வந்துவிடும். வேலி கழித்துப்போட்ட வாரம் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே மாதம் ஒரு பஞ்சராவது உண்டு. என் சைக்கிளிலும், பிளஸ் ஒன் படிக்கும்போது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளிலும் மூன்று வருடத்துக்கு மேலாக ஸ்டிக்கர் பேட்ச் ஒட்டி வருகிறேன். சொல்யூஷன் தடவ வேண்டாம். பின்னால் இருக்கும் தாளை உரித்து அப்படியே ஒட்டுகிற ரகம். ஒட்டியதும் பேட்ச் மேலேயே பால்பாயிண்ட் பேனாவில் தேதி எழுதிவிடுவேன். கணக்கு எழுதுகிற கை, சும்மா இருக்காது. அந்தக் கணக்குப்படி இதுவரை ஒட்டியது 26. கசிந்து, திரும்பக் கழற்ற வேண்டி வந்தது 9. அந்த ஒன்பதில் ஐந்து, ஆரம்பித்த முதல் நான்கு மாதத்துக்குள் போனவை. அப்போது பேட்ச்தான் மோசம் என்று நினைத்தேன். பேட்ச் சரியாகத்தான் இருந்தது. சொல்யூஷன் பேட்சை நடத்துகிற மாதிரியே இதையும் நடத்தினேன், அதனால் போயிற்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் ஸ்டிக்கருக்கு ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பையில் உப்புத்தாள், பேட்ச், சொல்யூஷன் எல்லாம் வைத்திருந்தேன். மாசி மாதம் ஒரு நாள் சாயங்காலம் பின் சக்கரம் இறங்கிவிட்டது. சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்து, தேய்த்து முடித்து சொல்யூஷனைப் பிதுக்கினால் ஒரு சொட்டு வரவில்லை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் கரைப்பான் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். அடுத்த தடவை வேண்டும்போது காய்ந்த ரப்பர் கட்டிதான் மிஞ்சும். அன்றைக்கு இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். மறுநாளே ஸ்டிக்கர் பாக்கெட் வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சின்னதாக, ஆறு பேட்சும் ஒரு துண்டு உப்புத்தாளும். சட்டைப்பையில் வைத்தால் இருப்பதே தெரியாது.

முதல் ஐந்தும் ஒரே விதமாகத்தான் போயின. ஒட்டுவேன். அப்புறம் டியூபில் நன்றாகக் காற்றடித்து, வாசலில் இருக்கும் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பேன். குமிழ் வராது. மாட்டிவிடுவேன். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ காலையில் சக்கரம் தரையோடு இருக்கும். ஊர் முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் அந்த டியூபைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பேட்சை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"ஏந் தம்பி, இது நோட்டுக்கு ஒட்டற லேபிளாட்டல்ல இருக்குது. டியூப்பு இழுத்தா இது கூடவே வருமுங்களா?"

"வரோணுமுங்ணா. பாக்கெட்டுல அப்படித்தான் போட்டிருக்குது."

"இருங்க, பார்த்துப்போடலாம்."

புதுப் பேட்ச் ஒன்றை என்னையே ஒட்டச் சொன்னார். டியூபை வெளியே வைத்தபடியே காற்றடித்தார். டியூப் பெருத்துக்கொண்டே போனது. டயருக்குள் இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு வந்ததும் நிறுத்தி, பேட்சின் ஓரத்தை விரலால் காட்டினார். நான்கு முனையிலும் ஓரம் மயிரிழை அளவுக்கு எழும்பியிருந்தது. பக்கத்தில் அவர் எப்போதோ ஒட்டிய பழைய சொல்யூஷன் பேட்ச், டியூப் போகிற போக்குக்கெல்லாம் கூடவே நீண்டு, மெலிந்து, டியூபோடு டியூபாகக் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனாலும் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. சொல்யூஷன் வெறும் பசை இல்லை. அது கரைப்பானில் கரைத்த ரப்பர். அதற்கென்று செய்த பேட்சின் அடிப்பக்கத்தில் இருக்கும் ரசாயனமும் அதுவும் சேர்ந்தால் ரப்பரோடு ரப்பர் பிணைந்துகொள்ளும். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சூடுபடுத்திக் கண்டுபிடித்தாரே வல்கனைசிங், அதே வேலைதான். சூடு இல்லாமல் நடக்கிறது. ஸ்டிக்கர் பேட்சில் அப்படி எதுவும் நடப்பதில்லை. மெல்லிய தகடு, அதன் அடியில் அழுத்தினால் பிடித்துக்கொள்கிற பசை. அவ்வளவுதான். டியூப் ரப்பர் நீளுகிற அளவுக்கு அந்தத் தகடு நீளாது. டயருக்குள் இருக்கும்போது டியூப் ஓரளவுக்கு மேல் பெருக்க முடியாது. உள்ளே இருக்கும் காற்றே பேட்சை டயரோடு வைத்து அமுக்கிக்கொண்டிருக்கும். அங்கே அதற்குச் சுகம். வெளியே வைத்து ஊதினால் அமுக்கவும் ஆளில்லை, இழுப்பும் அதிகம். ஒட்டி முடித்ததும் தொட்டியில் முக்கிப் பார்ப்பது சின்ன வயதிலிருந்து நம் கண்ணில் பதிந்த பழக்கம். அந்த ஒரு பழக்கத்தால்தான் என் முதல் ஐந்து பேட்சும் போயின. டியூபை வெளியே வைத்துக் காற்றடிக்கக்கூடாது என்று பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள், நான் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒட்டிய 21-ல் போனது நான்குதான். அந்த நான்கையும் சொல்கிறேன், ஒவ்வொன்றும் வேறு பாடம்.

முதல் இரண்டும் என் மகளின் சைக்கிளில் போனவை. ஒரே இடத்தில் இரண்டு தடவை. டியூப் மாற்ற எடுத்தபோதுதான் பார்த்தேன், டயரின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைந்த டியூபை எப்போதோ போட்டிருக்கிறோம். காற்றடித்தால் அது டயரை நிரப்பவே அதிகமாக நீள வேண்டும். டயருக்குள்ளேயே இருந்தாலும் பேட்சுக்கு அது வெளியே ஊதுகிற கதிதான். டியூப் வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துச் சொல்லி வாங்குங்கள். "இருபத்தாறு இன்ச்" என்று மட்டும் சொன்னால் கையில் கிடைத்ததைத்தான் கொடுப்பார்கள்.

மூன்றாவது ஐப்பசி மழையில். இட்டேரியில் நெருஞ்சி. குடை பிடிக்க ஆளில்லை, டியூப் ஈரம், கை ஈரம். சட்டை முனையில் துடைத்துவிட்டு ஒட்டினேன். ஐந்நூறு மீட்டர்கூடத் தாங்கவில்லை. திரும்ப உருவிப் பார்த்தபோது பேட்ச் டியூபின் மேல் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மழையில் இது ஆகாது. இப்போதெல்லாம் மழைக்காலத்தில் பையில் ஒரு மாற்று டியூபே வைத்துக்கொள்கிறேன். பேட்ச் வேலை வீட்டுத் திண்ணையில்.

நான்காவது வெயிலில். மில் களத்தில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டிருப்பார்கள். களத்து ஓரம்தான் சைக்கிள் நிறுத்துவது. சித்திரை மாதம் அந்தச் சிமெண்ட்டுத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. காலையிலிருந்து மாலை வரை கறுப்பு டயர் அந்தச் சூட்டில். பேட்ச் முழுசாகக் கழன்றுவிடவில்லை. பசை இளகி, தகடு ஒரு நெல்லளவு பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. ஓட்டை பேட்சின் ஓரத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்து சைக்கிளை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டேன். அப்புறம் அந்தக் காரணத்தால் எதுவும் போகவில்லை. பாக்கெட்டையும் வெயிலில் விடக்கூடாது. சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த பாக்கெட்டைத் திறந்தபோது பசை தாளோடு வந்துவிட்டது, பேட்சில் ஒன்றும் இல்லை. மலிவாக ஆன்லைனில் வாங்கிய இன்னொரு பாக்கெட் வரும்போதே அந்த நிலைமையில்தான் இருந்தது. அவற்றை ஒட்டவே இல்லை, கணக்கிலும் சேர்க்கவில்லை.

இப்போது நான் ஒட்டுகிற விதம் இது. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னாலேயே டயரைச் சுற்றிப் பார்த்துவிடுவேன். முள் கண்ணில் பட்டால் பாதி வேலை முடிந்தது. நெருஞ்சியாக இருந்தால் ஒன்றோடு நிற்காது. அதன் காய் ஐந்து துண்டாக உடைகிறது, ஒவ்வொன்றிலும் முள். டியூபை உருவியதும் கொஞ்சம் காற்று வைத்து, மெதுவாக உதட்டுக்குப் பக்கத்தில் சுற்றிவருவேன். ஊசிக்காற்று உதட்டில் தெரியும், கையில் தெரியாது. தண்ணீரில் முக்குவதைக் கூடியமட்டும் தவிர்க்கிறேன், அப்புறம் காயவைக்க வேண்டும். இடம் தெரிந்ததும் பேனாவால் கூட்டல் குறி, கோடுகள் பேட்சைவிட நீளமாக. தேய்த்தால் நடுவில் அழிந்துபோகும், ஓரம் மிச்சமிருக்கும். அதை வைத்து நடு எது என்று தெரியும்.

தேய்ப்பதில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். புது டியூபின் மேல் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய பொருளும் பவுடரும் இருக்கும். அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. பளபளப்பு போய், சிலேட்டு மாதிரி மங்கலாகும் வரை தேய்க்க வேண்டும். டியூபின் நீளத்துக்கு ஒரு மெல்லிய வரப்பு ஓடும், அச்சு சேர்ந்த கோடு. ஓட்டை அதன் பக்கத்தில் இருந்தால் அந்த வரப்பு மட்டமாகும் வரை தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் வரப்பின் ஓரமாகவே காற்று ஊர்ந்து வெளியே வந்துவிடும். அப்புறம் மெடிக்கலில் கிடைக்கும், ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் துண்டால் ஒரு துடை. அரை நிமிடத்தில் காய்ந்துவிடும். தேய்த்த இடத்தில் விரல் படக்கூடாது. பேட்சின் முனையை மட்டும் பிடித்து உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திவிட்டு, தொடையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் இரண்டு நிமிடம் அமுக்குவேன். வெயில் காலமானாலும் கையின் சூடு உதவுகிறது. கடைசியாக மேலே கொஞ்சம் முகப்பவுடர். தேய்த்த இடத்தின் ஓரம் டயரோடு ஒட்டாமல் இருக்க.

டயரின் உட்புறத்தைப் பழைய வேட்டித் துணியால் ஒரு சுற்றுத் துடைக்காமல் டியூபை உள்ளே விடாதீர்கள். முள் இருந்தால் துணியில் மாட்டும். விரலால் துழாவினால் விரலில்தான் மாட்டும். சீமைக்கருவேல முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியே தெரியாது. அதை எடுக்காமல் எந்தப் பேட்ச் போட்டாலும் வீண்.

எதற்கு ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது என்பதும் தெரிந்துவிட்டது. முள் குத்திய ஓட்டைக்கு, அதாவது ஊசிக்கண் அளவுக்கு, தாராளமாக ஒட்டலாம். காற்று குறைவாக வைத்துக்கொண்டு குழியில் இறங்கினால் ரிம் கடித்துப் பாம்பு கொத்தின மாதிரி இரண்டு கீறல் விழுமே, அதற்கு நான் சொல்யூஷன்தான் போடுகிறேன். கீறல் நீளவாக்கில் விரியும், ஸ்டிக்கர் பிடிக்குமென்று நம்பவில்லை. வால்வின் அடியில் கிழிந்தால் எதுவும் வேண்டாம், டியூபை மாற்றிவிடுங்கள்.

பஞ்சர் கடை அண்ணன் இன்னும் ஸ்டிக்கர் வைப்பதில்லை. அவர் சொல்யூஷன் தடவி, மணம் அடங்கி, விரலின் பின்பக்கம் தொட்டால் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்துதான் பேட்சை வைப்பார். அவர் ஒட்டியது பிரிந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் நேரமிருந்தால் நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் காலை எட்டே காலுக்கு இட்டேரி நடுவில் நிற்கும்போது, இருபது நிமிடத்தில் திரும்ப ஏறிப் போக வைக்கிறது ஸ்டிக்கர்தான். வழியில் ஒட்டியதை வீட்டுக்கு வந்து பிரித்துத் திரும்ப ஒட்ட வேண்டியதில்லை. கசியாதவரை அப்படியே விட்டுவிடுகிறேன். மகளும் இப்போது தன் சைக்கிளுக்குத் தானே ஒட்டிக்கொள்கிறாள். போன மாதம் அவளுடைய தோழியின் சைக்கிளுக்கும் பஸ் ஸ்டாப்பில் வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பின் டயர் தேய்ந்துவிட்டதால் போன வாரம் மாற்றினேன். டியூபைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் ஆறு பேட்ச் இருக்கின்றன. பழையதில் மை மங்கிவிட்டது, இருந்தாலும் படிக்க முடிகிறது: 14-8-22. முனையை நகத்தால் நெருடிப் பார்த்தேன், எழும்பவில்லை. புது டயருக்குள்ளும் அதே டியூபைத்தான் போட்டிருக்கிறேன்.