பத்தாம் வகுப்பு வரைபடம்: கரும்பலகையா, காணொளியா, ஜியோஜீப்ராவா?

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி. இந்த 16 எவ்வளவு பெரியது என்பது உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் கணக்குச் சொல்லித் தரும் எவருக்கும் தெரியும். அதைக் கற்றுத்தரக் கரும்பலகை, காணொளி, ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருள் என மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்று பிடிவாதம் பிடிப்பதுதான் பிள்ளைகளைப் படுத்துகிறது.

வடிவியலில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆசிரியர்தான். 3 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்கு, மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளியிருக்கும் புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரைய வேண்டும். சரியாக வரைந்தால் தொடுகோட்டின் நீளம் ஏறக்குறைய 7.4 செ.மீ. வரும். பிள்ளைக்கு 7.2 வருகிறது. கவராயத்தின் திருகு தளர்ந்து வட்டம் பெருத்திருக்கலாம், நடுப்புள்ளி நகர்ந்திருக்கலாம், பென்சில் முனை மழுங்கியிருக்கலாம். பக்கத்தில் நிற்பவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். காணொளிக்கு அந்தத் திருகு தெரியாது. ஜியோஜீப்ராவோ துல்லியமான கோட்டைத் தானே போட்டுவிடுகிறது. பிள்ளையின் கை எதையும் பழகுவதில்லை.

இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். எக்ஸ் வர்க்கம் − 4 எக்ஸ் + 3 என்பதற்கு அட்டவணை போட்டு, புள்ளிகளைக் குறித்து, வளைவரையை இணைத்து முடிப்பதற்குள் பாடவேளை தீர்ந்துவிடும். கரும்பலகையில் ஒரு வளைவரைதான் கிடைக்கும். ஜியோஜீப்ராவில் அந்த 3 என்ற எண்ணை இழுத்து மாற்றும் ஸ்லைடர் வைத்து நகர்த்துங்கள். வளைவரை எக்ஸ் அச்சைத் தொடும் இடங்கள்தான் விடைகள். 3 இருக்கும்போது வளைவரை எக்ஸ் அச்சை 1, 3 ஆகிய இடங்களில் வெட்டுகிறது. 4 ஆக்கினால் மேலே ஏறி, 2 என்ற ஒரே இடத்தில் தொட்டு நிற்கிறது. 5 ஆக்கினால் அச்சை விட்டே விலகிவிடுகிறது. "சார், இப்போது விடையே இல்லையே!" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும். விடைகள் எப்படிப்பட்டவை என்று சொல்லும் தன்மைகாட்டி 4, 0, −4 என்று மாறுவதை அப்போது எழுதிக் காட்டினால் மெய் மூலங்கள் இல்லை என்பதன் பொருள் பிள்ளைக்குப் பிடிபடுகிறது. ஸ்லைடரைத் தொடும் முன் "அடுத்து எங்கே வெட்டும்?" என்று கேட்டுவிட வேண்டும், கேட்காவிட்டால் வெறும் வேடிக்கைதான்.

2001-இல் ஆஸ்திரியாவின் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் உருவாக்கிய இந்த மென்பொருளை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர் போதும். நம் கணிதப் பாடநூலிலேயே 'இணையச் செயல்பாடு' என்று இதற்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். தேர்வில் வராது என்று அதைப் புரட்டிவிட்டுப் போவது எனக்கு மிகுந்த வருத்தம்.

காணொளிக்கும் இடமுண்டு. 2019 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி ஊரடங்கில் பெரிய துணையாக இருந்தது. ஆனால் பிள்ளைக்குப் புரியும்வரை ஒளிபரப்பு காத்திருக்காது. பாடநூலின் கியூஆர் கோடு வழியே அரசின் கல்வித் தளமான திக்‌ஷாவில் திறக்கும் காணொளியை நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம். ஆனால் பூ விவசாயம் செய்யும் வீடுகளில் விடியும் முன்பே அப்பாவோடு போன் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்விடுகிறது. பிள்ளை கைக்கு வருவது இரவில். ஆகவே காணொளியைத் திருப்புதலுக்கும், வகுப்புக்கு வராத நாளை ஈடுகட்டவும் வைத்துக்கொள்ளலாம். முதல் பாடம் அதில் வேண்டாம்.

தவணையில் விற்கப்படும் பாட டேப்லெட்டை வாங்கலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். திருகு இறுக்கமான கவராயமும் ஒரு கட்டு வரைபடத்தாளும் முதலில் வாங்கட்டும்.

ஜியோஜீப்ரா காட்டும் ஆசிரியர்களுக்கு ஒன்று: காட்டிய அன்றே கையாலும் வரைய வைத்துவிடுங்கள். மென்பொருள் அளவுத்திட்டத்தைத் தானே எடுத்துக்கொள்வதால், திரையிலேயே பழகிய பிள்ளை தாளின் மேல் மூலையில் 'எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு' என்று எழுத மறந்துவிடுகிறது. அதற்கும் மதிப்பெண் உண்டு.