வெள்ளை வேட்டிக்கு எந்தப் பெயிண்ட்? போரஸ் படைக்கு மூன்று வழிகள்

பொம்மைப்படைப் போர் விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரம்தான். சுங்கை சிப்புட் வீட்டு மேசையில் 15 மில்லிமீட்டர் ஈய உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த இந்திய மன்னன் போரஸின் படை. டீபிஏ என்ற பழங்காலப் போர் விளையாட்டின் விதிப்படி, உருவங்களை ஒட்டி நிறுத்தும் தட்டுகள் 12 போதும், அதனால் எண்ணிக்கை பயமில்லை. “இந்த வயசுல பொம்மைக்குச் சாயமாடா?” என்று அம்மா கேட்பதுகூடப் பழகிவிட்டது.

பயமெல்லாம் துணியில்தான். இந்தியர்களின் பருத்தித் துணி மற்ற எந்தத் துணியையும்விட வெண்மையானது, அல்லது அவர்கள் உடல் கறுப்பாக இருப்பதால் அப்படித் தெரிகிறது என்கிறார் அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய கிரேக்கர் அர்ரியன். கறுத்த மேனி, வெள்ளை வேட்டி. இந்த இரண்டிலும் தேறாத வழி இந்தப் படைக்கு உதவாது.

முக்கியெடுக்கும் வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். அடிநிறம் மட்டும் பூசிவிட்டு, ஹார்ட்வேர் கடையில் விற்கும் பழுப்பு மர வார்னிஷில் முக்கியெடுத்தால் மடிப்புகளில் நிழல் தானாக விழும். மலிவு, உறுதி. ஆனால் வேட்டி தேநீர் கொட்டியதுபோல மஞ்சளாகிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் காயவும் நாளாகும்.

அடுத்தது கான்ட்ராஸ்ட் வகை. சிட்டாடல் என்ற பெயிண்ட் நிறுவனம் 2019இல் கொண்டுவந்தது. இப்போது பல கம்பெனிகள் விற்கின்றன. வெளிர் பிரைமர் (முதல் அடிப்பூச்சு) மேல் ஒரே பூச்சு: பள்ளத்தில் அடர்த்தியாகத் தேங்கும், மேட்டில் மெலிசாக நிற்கும். மேனிக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. வில்லாளி ஒருவனின் கை, கால், முதுகு எல்லாம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. துணியில்தான் கதை மாறுகிறது. வெள்ளைக்கென்று விற்கும் குப்பியும் உண்மையில் வெளிர் சாம்பல்தான். திட்டுத் திட்டாக நின்று அழுக்கு வேட்டிபோல் ஆகிறது. யானையின் அகன்ற விலாவிலும் கறை வளையம் விழுகிறது. ஒரு முறை நான் வாங்கிய மலிவு ரகம், காய்ந்த பிறகும் ஈரத்தூரிகை பட்டதும் கரைந்து, பக்கத்து வெள்ளையையும் பழுப்பாக்கியது. எட்டுப் பேர் பாழ்.

பழைய அடுக்குமுறைக்குப் பொறுமை வேண்டும். வேட்டிக்குத் தூய வெள்ளையில் தொடங்கக் கூடாது. முதலில் எலும்பு நிறம், மேலே தந்த நிறம், மடிப்பின் உச்சியில் மட்டும் வெள்ளைக் கோடு. கையெட்டும் தூரத்தில் பார்த்தாலும் துணி பளிச்சென்று எழுந்து நிற்கும். ஆனால் மேனிக்கும் இப்படியே மூன்று அடுக்கு என்றால் மூன்று வாரம் போதாது.

அதனால் என் தீர்ப்பு கலப்புதான்: மேனிக்கு கான்ட்ராஸ்ட், துணிக்கு அடுக்கு, யானைக்கு அடர்சாம்பல் பூசி மேலே உலர்தூரிகை, அதாவது பெயிண்டைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ப்பது. மேனியை முதலில் முடித்துவிடுங்கள். அது வழிந்தாலும் வேட்டியின் எலும்பு நிறம் மூடிவிடும். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு வேட்டியையும் திருத்த வேண்டிவரும்.

ஸ்பிரே பிரைமர் என்றால் வெயில் ஏறிய காலையிலேயே அடித்துவிடுங்கள். மாலை மழைக்கு முன் அஞ்சடித் தாழ்வாரத்தில் நின்று அடித்தால் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகும். தூரிகையால் பூசும் பிரைமருக்கு இந்தத் தொல்லை இல்லை.

தட்டுக்கு, சலித்த தோட்டத்துச் செம்மண். ஜீலம் கரையில் வண்டல் மண்தான், தெரியும். மீதி இருப்பது தாடி. இந்தியர்கள் தாடிக்குப் பூசியதாக அர்ரியன் சொல்லும் சாயங்களில் பச்சையும் உண்டு, அதனால் முன்வரிசையில் இரண்டு பச்சைத் தாடிக்காரர்கள் தயார்.