பாசி எடுக்க அட்டையா, ஊர் உரிமையா?

மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடல்பாசியை எடுக்கும் எங்கள் கரைப் பெண்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அரசு கொடுக்கும் அடையாள அட்டை. மற்றது, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிராம சபை மூலம் ஊருக்கே பொதுவான சமூக உரிமை கேட்பது. அம்மாவிடம் அட்டை இருக்கிறது. நான் ஊர் மனுவில் கையெழுத்துப் போட்டவள். என் சாய்வு இதிலேயே தெரிந்துவிடும்.

அட்டை சீக்கிரம் கைக்கு வரும், வல்லத்தை, அதாவது எங்கள் படகை, வனத்துறை மறித்தால் காட்டலாம். ஆனால் நாங்கள் பாசி எடுக்கும் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லேயே தேசியப் பூங்காவாகிவிட்டன, அங்கே பாசி எடுக்கத் தடை. ஒரு அதிகாரி கண்டும் காணாமல் விட்டார். அடுத்து வந்தவர் அம்மாவின் பாசி மூட்டையைக் கடலில் கொட்டச் சொன்னார். அம்மா நீட்டியது அதே அட்டைதான்.

எனக்குப் பெரிய விஷயம், அம்மாவுக்குப் பிறகு என்ன என்பது. முக்குளிக்க அவருக்கு இப்போது மூச்சு போதவில்லை. அட்டை அவர் பேரோடு முடிந்துவிடும். வன உரிமை அப்படியில்லை. வாரிசுக்கு வரும், யாருக்கும் விற்க முடியாது. தேசியப் பூங்காவும் இந்தச் சட்டத்தில் வன நிலம்தான். மீனும் மற்ற நீர்நிலைப் பொருட்களும் சமூக உரிமையில் அடக்கம். அந்த இடத்தைக் காக்கும் அதிகாரமும் கிராம சபைக்கு உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் எடுப்பது என்று பெண்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல பிடிமானம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வழியில் பாடு அதிகம், மறைக்கவில்லை. பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்த வன நிலத்தை நம்பி வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். பாசி வியாபாரம் சூடுபிடித்ததே 1960-களில்தான். அதனால் சங்கு, சிப்பி, மீன், தீவில் தங்கிய நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினோம். பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று என்று விதி சொல்கிறது. எங்கள் தெருப் பாட்டிகள் தீவுத் தீவாகப் பேர் சொல்லி, எங்கே நல்ல தண்ணீர் ஊறும் என்பது வரை சொன்னார்கள். இரண்டு நோட்டு நிறைந்தது.

சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். மே 1 கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்களும் வருவார்கள்.

எங்கள் மனு இன்னும் கிராம சபைக்கு அடுத்த படியான கோட்டக் குழுவில்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. அந்தப் படியை நாங்கள் ஏறியதில்லை, அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது. அதுவரை அட்டையை யாரும் தூக்கிப் போட வேண்டாம். அம்மா இன்றும் அதை நனையாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் வல்லத்தில் ஏறுகிறார்.